சாயங்கால பஸ்ஸை விட்டா பொண்ணு வீடு வந்து சேர வழியில்ல, ஸ்கூல் மன்றத்துல சேக்குறதா வேணாமா?

மாவுமில்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு மேற்கால ஒரு கிராமம் எங்களுக்கு, மாவு மில்லு வச்சிருக்கேன், வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. பொண்ணு டவுன்ல 9ஆவது படிக்கிறா. ஸ்கூல் தொறந்த ரெண்டாவது வாரம் ஒரு ஃபாரம் கொண்டாந்து நீட்டுனா, அதுல என்சிசி, ஜேஆர்சி (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணியர், இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், பசுமைப் படைன்னு வரிசையா போட்டு, கடைசியா கைவினை மன்றம்னு ஒன்னு, ஒரு ஆச்சி வந்து கொட்டான், அதான் பனையோலைக் கூடை, முடைய சொல்லித் தர்றாங்களாம். இவ நாலுக்கு டிக் அடிச்சு வச்சுட்டு கையெழுத்து போடுங்கறா.

பிரச்சினை என்னன்னா எல்லாமே ஸ்கூல் விட்ட பிறகு, 4.20க்கு ஆரம்பிச்சு 5.30 ஆகும். எங்க ஊருக்கு பஸ்ஸு 4.45, அதை விட்டா 7.10 தான், அதுவும் ஊருக்குள்ள வராது, மெயின் ரோட்டுல எறங்கி கம்மாக்கரையோட ஒன்னரை கிலோமீட்டர் நடக்கணும், லைட்டு பாதி எரியாது. மில்லை பூட்டிட்டு நான் தினம் போய் நிக்க முடியாது, சாயங்காலம் தான் இட்லி மாவுக்கும் மொளகாப்பொடிக்கும் கூட்டமே வரும். என் மாமியார் ஒரே பேச்சா வேணாம்னுட்டாங்க. க்ளாஸ் டீச்சரும் அடுத்த வருஷம் பத்தாவது வருதுல்லம்மா யோசிச்சுக்கங்கன்னு இழுக்குறாங்க. இவ ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. சேத்து விடலாமா, இதெல்லாம் உண்மையிலயே பிரயோஜனம் உண்டா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செக்காலை_கடைசிபெஞ்ச்

அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, நான் படிச்ச ஸ்கூல்ல 9 மன்றம் இருந்துச்சு, 9ம் நோட்டீஸ் போர்டுல தான் இருந்துச்சு. ஜூலைல தொடக்க விழா, ஒரு சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ரெண்டு மணி நேரம் பேச்சு, எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். அப்புறம் பிப்ரவரில நிறைவு விழா, அதே பொன்னாடை வேற ஆளு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா சத்தியமா எனக்கு தெரியாது, நான் அறிவியல் மன்ற துணைச் செயலாளரு வேற. குரூப் போட்டோல ரெண்டாவது வரிசைல நிப்பேன்.

மயில்துத்தம்

மேல உள்ள தம்பி சொல்றது எரிச்சலா இருந்தாலும் முக்கால்வாசி உண்மை. நான் அறிவியல் டீச்சர் தான், அரசு ஸ்கூல், 17 வருஷம் ஆச்சு. டீச்சர் பக்கமும் கொஞ்சம் கேட்டுக்கங்க. என் ஒருத்தி பேர்ல மூணு மன்றம் இருக்கு. 2022 நவம்பர்ல வானவில் மன்றம் வந்துச்சு, 6லேர்ந்து 8 வரைக்கும் அறிவியல் கணக்கு செஞ்சு பாக்குறதுக்கு, நல்ல விஷயம் தான், நான் குறை சொல்ல மாட்டேன். அதே வருஷம் கலைத் திருவிழாவும் வந்துச்சு, பள்ளி அளவு வட்டார அளவு மாவட்டம் மாநிலம்னு போகும், மாநில அளவுல ஜெயிச்சா கலையரசன் கலையரசி பட்டம். சிறார் படம் போடணும், வினாடி வினா நடத்தணும், எல்லாத்தையும் போட்டோ புடிச்சு ஏத்தணும். நெட்டு சுத்திக்கிட்டே இருக்கும், புள்ளைங்க எழுந்து போயிரும், நான் உக்காந்து ஏத்திக்கிட்டு இருப்பேன்.

ஆனா ஒன்னு சொல்றேன். போன வருஷம் ஒரு நாள் கரண்டு இல்ல, ப்ரொஜெக்டர் போட முடியல, சரின்னு 10 ரூபாய்க்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிட்டு வரச் சொன்னேன். ஒரு கண்ணாடி டம்ளர்ல கரைச்சா நல்ல நீலம். பழைய டார்ச் செல்லை ஒடைச்சு உள்ள இருக்குற கரிக்குச்சிய கழுவி வச்சிருந்தேன். ரெண்டு புது செல்லு, பாசிட்டிவ்ல செம்புக் கம்பி, நெகட்டிவ்ல கரிக்குச்சி. பத்து நிமிஷத்துல கருப்புக் குச்சி அடிலேர்ந்து செவக்க ஆரம்பிச்சுது பாருங்க, ஒரு பய, வாயே தொறக்காத பய, டீச்சர் இது கம்பிலேர்ந்து வருதா தண்ணிலேர்ந்து வருதான்னு கேட்டான். 17 வருஷத்துல எங்கிட்ட வந்த நல்ல கேள்வி அது. இரும்பு ஆணிய சும்மா போட்டாலே செம்பு ஒட்டுதே அப்ப பேட்டரி எதுக்குன்னு இன்னொருத்தி. ரெண்டையும் துணில தொடைச்சு காட்டுனேன், ஆணில ஒட்டுனது பொடியா உதிர்ந்துருச்சு, குச்சில இருந்தது அப்படியே நின்னுச்சு. அன்னைக்கு போட்டோ எடுக்க மறந்துட்டேன், ரெக்கார்டுல அந்த வாரம் மன்றம் நடக்கலன்னு இருக்கு.

(வீட்ல செஞ்சு பாக்குறவங்க தண்ணிய வாய்க்கால்ல கொட்டிராதீங்க, மீனுக்கு விஷம் அது. கைல பட்டாலும் கழுவணும்.)

செக்காலை_கடைசிபெஞ்ச்

டீச்சர், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்குற ஊருல இதை நாங்க ஒரு நாள் கூட பாத்ததில்ல 😂 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்தாருன்னு பேச்சுப் போட்டிக்கு மட்டும் மனப்பாடம் பண்ணிருக்கேன். உள்ள செய்யுறதும் இந்த செல்லு, மயில்துத்தம் கரைசல் வகையறா தான்னு இப்ப தான் உறைக்குது.

பிஇடி_ரிட்டயர்டு

மன்றம் பத்தி பேசும்போது விளையாட்டை யாரும் சொல்லலயே. 31 வருஷம் விசில் ஊதுன ஆளு நான். என் பீரியட்டை கணக்கு வாத்தியார் கடன் வாங்குவாரு, திருப்பி யாரும் குடுத்ததில்ல. வட்டி போட்டா எனக்கு ஒரு வளவு வீடே எழுதிக் குடுக்கணும்.

மாவுமில் தாயிக்கு ஒரு விவரம். என்சிசி மத்தது மாதிரி இல்ல. எல்லா ஸ்கூல்லயும் இருக்காது, உங்க பொண்ணு ஸ்கூல்ல இருக்குன்னா விடாதீங்க. ஸ்கூல் பிரிவு ரெண்டு வருஷம், அது முடிச்சு கேம்ப் போய் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருந்தா தான் ஏ சர்டிபிகேட் பரீட்சை எழுத விடுவாங்க. இப்ப 9ல சேரலைன்னா 10ல சேந்து ஒன்னும் ஆகாது. நாங்க எல்லாம் பரேடு சனிக்கிழமை காலைல தான் வச்சோம். சாயங்கால பஸ் பிரச்சினை அங்க வரவே வராது, எதுக்கும் அவங்க ஆபீசர் சார்கிட்ட கேட்டுப் பாருங்க. முடிஞ்சா பூரி கெழங்கு உண்டு, பாதிப் பய அதுக்கு தான் வருவான், வந்தா வரட்டுமே. ஏ சர்டிபிகேட்டை வச்சு உடனே வேலை கிடைச்சுரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. காலேஜ் போய் சி வரைக்கும் முடிச்சா அப்ப ராணுவ அதிகாரி சேர்க்கைல எழுத்துத் தேர்வு இல்லாம நேரா நேர்முகத்துக்கு போற வழி ஒன்னு இருக்கு, அது பெருசு.

தேவகோட்டை_ரஸ்தா

எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. என் பையனும் 9ஆவது. அரசு ஸ்கூல் புள்ளைங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீதம் இருக்கு, அதுக்கு மார்க்கு தான் கேப்பாங்க, கொட்டான் முடையத் தெரியுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. வசதி உள்ளவன் புள்ளை கிளப்புல சேந்தா பொழுதுபோக்கு, நம்ம புள்ளை சேந்தா படிப்பு போச்சு. நான் கட்டட வேலை மேஸ்திரி, எனக்கு அனுபவம் இருக்கு, ஸ்கூல்ல நான் கபடில மாவட்டம் வரைக்கும் போனவன் தான், அந்த கப்பு இப்ப வீட்ல சில்லறை போட்டு வைக்க ஆகுது.

பிஇடி_ரிட்டயர்டு

தம்பி, கபடில மாவட்டம் போன உங்களை மேல எங்கிட்டு போறதுன்னு கைகாட்ட ஆள் இல்லாம போச்சு, அது உங்க மேல தப்பு இல்ல, எங்க மேல தப்பு. இஞ்சினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு, அரசு வேலைல இருக்கு. குறுவட்டம் ஜெயிச்ச சர்டிபிகேட்டை பத்திரமா வைடான்னு கூட பயலுகளுக்கு சொல்லித் தரல நாங்க, கெணத்து மேட்டுல காயப்போட்டு ஆடு தின்னுருச்சுன்னு வந்து நின்னவன் எல்லாம் உண்டு.

ஜேஆர்சி_நர்ஸ்

நான் இப்ப மதுரைல நர்ஸ். மாவுமில் அக்கா கதை அப்படியே என் கதை. குன்றக்குடி தாண்டி உள்ள போகணும் எங்க ஊருக்கு. ஆறு வருஷமும் 4.40 பஸ்ஸு. எட்டாவது வரைக்கும் எந்த மன்றத்துலயும் நான் இல்ல, ஆசை இல்லாம இல்ல, பஸ்ஸு தான். டவுனுக்குள்ள வீடு உள்ள புள்ளைங்க தான் செயலாளர், பொருளாளர், ஆண்டு விழா டான்ஸ் எல்லாமே. டீச்சருங்களும் வேணும்னு பண்ணல, நிக்கிற புள்ளைய தான கூப்புடுவாங்க, நாங்க 4.20 மணிக்கு பையோட ஓடுற கூட்டம், எங்க பேரு கூட பாதி டீச்சருக்கு தெரியாது.

ஒம்பதாவதுல ஒரு ஹிந்தி... இல்ல இல்ல, ட்ராயிங் டீச்சர் வந்தாங்க, ஜேஆர்சி பொறுப்பு. அவங்க வந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லாம மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திட்டாங்க. 12.40க்கு மணி அடிக்கும், 1 மணிக்குள்ள சாப்புட்டு டப்பா கழுவிட்டு வேப்ப மரத்தடிக்கு வரணும், 1.25 வரைக்கும். வாரத்துக்கு ஒரே நாள், செவ்வாய். அவ்வளவு தான் பண்ணாங்க. 25 நிமிஷத்துல முக்கோணத் துணிய வச்சு கைத்தொட்டில் கட்டுறது, ரத்தம் வந்தா அழுத்திப் புடிச்சு கைய மேல தூக்கி வைக்கிறது, பாம்பு கடிச்சா கடிவாய கீறக் கூடாது இறுக்கிக் கட்டக் கூடாது ஆட்டாம அசைக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும், எல்லாம் அங்க தான் படிச்சேன். பத்தாவது லீவுல எங்க சித்தப்பாவை வயக்காட்டுல கண்ணாடிவிரியன் கடிச்சுது. ஊரே கயிறு கொண்டா பிளேடு கொண்டாங்குது, நான் வேணாம்னு கத்துனேன், ஒரு சின்னப் புள்ளை கத்துறத யாரு கேப்பா, ஆனா கேட்டாங்க ஏன்னா நான் ஜேஆர்சி பேட்ஜை எடுத்துக் காட்டுனேன் 😅 அதை நெனச்சா இப்பவும் சிரிப்பு வரும். சித்தப்பா இருக்காரு, நல்லா இருக்காரு.

அக்கா, உங்க பொண்ணை வேணாம்னு சொல்லாதீங்க, நேரத்தை மாத்தச் சொல்லி கேளுங்க. நீங்க மட்டும் போகாதீங்க, அந்த பஸ்ல வர்ற அத்தனை புள்ளை வீட்டுலயும் ஆளுக்கு ஒருத்தர் போங்க.

மாவுமில்_அம்மா

இது எனக்கு தோணவே இல்ல தங்கச்சி. பஸ்ஸை தான் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டு டெப்போவுக்கு மனு எழுதிக்கிட்டு இருந்தேன்.

பட்டாசாலை_பேரன்

வேற ஒரு கோணம். நான் நகரத்தார் வீட்டுப் பையன், சென்னைல வளந்தேன், லீவுக்கு மட்டும் கானாடுகாத்தான்ல அப்பத்தா வீடு. இங்க மன்றத்துக்கு இடமில்ல சாமான் இல்லன்னு சொல்றதைப் பாத்தா சிரிப்பா வருது, ஊரு பூரா பூட்டிக் கிடக்குற வீடு, வீடு பூரா சாமான். எங்க அப்பத்தா இருந்த வரைக்கும் ரெண்டாங்கட்டுல ஒரு தகரப் பொட்டி, உள்ள ரங்கூன்லேர்ந்து வந்த கடுதாசி, இசைகுடிமானம் (எங்க பக்கத்து கல்யாண ஒப்பந்தம்), கல்யாணத்துக்கு யாரு என்ன மொய் வச்சாங்கன்னு எழுதுன நோட்டு, கணக்குப் புள்ளை எழுத்து, தமிழ் எண்ணுல இருக்கும். அப்பத்தா போன பிறகு பாகப்பிரிவினை ஆச்சு, தேக்குத் தூணுக்கு சண்டை போட்டாங்க, பொட்டிய பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு போட்டுட்டாங்க. கிலோ என்ன வெலைன்னு கூட ஞாபகம் இருக்கு, சொல்ல வாய் வரல.

கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தாரு, போர்டு எழுதுற ஆளு. எடைக்கு போற பொஸ்தகம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் சேத்து சேத்து ஒரு லட்சம் கிட்ட வச்சிருந்தாரு. 1992ல அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வந்து வாங்கி, இன்னைக்கு சென்னைல நூலகமா நிக்குது. அமெரிக்காக்காரன் வந்து தூக்குற சாமான் நம்ம தெருவுல கிடந்துச்சு. ஒரு ஸ்கூல்ல தொன்மை மன்றம்னு பேரு வச்சு பத்து புள்ளைங்களை ஒரு சனிக்கிழமை அனுப்பி இந்த மாதிரி பொட்டிய தொறந்து போட்டோ எடுத்து, மொய் நோட்டுல இருக்குற ௧ ௨ ௩ படிக்க வச்சா போதும், அதுக்கு ப்ரொஜெக்டர் வேணாம். கீழடில 2023ல அருங்காட்சியகம் தொறந்தாங்க, நம்ம மாவட்டம் தான், வருஷா வருஷம் பஸ் புடிச்சு கூட்டிட்டுப் போறாங்க, நல்லது. பக்கத்து வீட்டு மாடத்துல இருக்கறதையும் பாக்கலாமே.

தேவகோட்டை_ரஸ்தா

தம்பி, உங்க வீட்டுப் பொட்டிய தொறக்க எங்க புள்ளைங்களை விடுவீங்களா முதல்ல? எங்க ஐயா காலத்துல முகப்பு திண்ணைய தாண்டுனது கிடையாது. நான் வேலைக்கு போய் ஆத்தங்குடி கல்லு பதிச்ச வீட்டுக்குள்ள என் பையன் ஒரு நாள் கூட உக்காந்ததில்ல. கோவமா சொல்லல, கேக்குறேன்.

பட்டாசாலை_பேரன்

அண்ணே கேள்வி நியாயம். பதில் எங்கிட்ட இல்ல. எங்க பங்குல இருக்குற சாவிய நான் தரேன். மத்த பங்காளிகள்கிட்ட பேசிப் பாக்குறேன், ஒத்துக்குவாங்கன்னு இப்பவே சொல்ல மாட்டேன்.

மயில்துத்தம்

ஆத்தங்குடி கல்லுன்னதும் ஒன்னு. மேஸ்திரி அண்ணே, உங்க பையன் ஸ்கூல்ல அறிவியல் மன்றம் இருந்தா நீங்களே ஒரு நாள் போய் சொல்லுங்களேன். கண்ணாடித் தட்டு மேல அச்சு வச்சு கலர் ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் வறட்டுப் பொடியா தூவி, அப்புறம் ஈரக் கலவை, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப்போடுறது. சூளை கிடையாது. சுடாம எப்படி கெட்டியாகுது, பாலீஷ் போடாம எப்படி பளபளங்குது, ரெண்டு கேள்வில ஒரு டேர்ம் பாடம் இருக்கு. காயுறதால இறுகல, தண்ணியோட சேந்து தான் சிமெண்டு இறுகுதுன்னு நான் போர்டுல எழுதுனா எவனும் நம்ப மாட்டான், நீங்க சொன்னா நம்புவான்.

தேவகோட்டை_ரஸ்தா

அது உண்மை தான் டீச்சர். தண்ணி பத்தலைன்னா கல்லு ஒரு வருஷத்துல பொரிஞ்சுரும். என்னைய கூப்புடுவாங்களா ஸ்கூலுக்கு. பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு போனாலே பின்னாடி தான் நிப்பேன்.

கொட்டான்_ஆச்சி

பேத்தி போன்ல பேசி அனுப்புறேன் தப்பா விழுந்தா மன்னிச்சுக்கங்க. அந்தப் ஃபாரத்துல போட்ருக்குற கொட்டான் ஆச்சி நானா கூட இருக்கலாம் ரெண்டு மூணு ஸ்கூலுக்கு போறேன். ஓலை பத்தி ஒன்னு சொல்லணும். குருத்தோலை தான் வேணும், முத்துன ஓலை மடிக்கும்போது முறிஞ்சுரும். ஈர்க்கை நீக்கி ஒரே அகலமா வகுந்து தண்ணில நனைச்சு ஈரத்துணில சுத்தி வச்சுக்கிட்டு தான் முடையணும். சாயங்காலம் போனா புள்ளைங்க பஸ்ஸ பாத்து பாத்து முடையுது, அடி போடும்போது ஒரு இழை மேல ஒரு இழை கீழன்னு எண்ணிக்கிட்டே வரணும், எண்ணிக்கை தப்புனா மூலை எந்திரிக்காது. எந்திரிச்சு ஓடுறப்ப பாதில விட்டுட்டுப் போகும், மறுவாரம் வந்தா காஞ்சு போய் வெறைச்சுக் கெடக்கும், திரும்ப மொதல்லேர்ந்து. நாலு வாரமா 22 புள்ளைல ஒரு கொட்டான் முடியல. மத்தியானம் வைங்கன்னு நான் சொன்னா கேக்க மாட்டாங்க நீங்க பெத்தவங்க சொல்லுங்க. எனக்கு மத்தியானத் தூக்கம் ஒரு நாள் போனா போகுது.

அந்தக் காலத்துல இதை எங்களுக்கு யாரும் மன்றம்னு வச்சு சொல்லித் தரல. கல்யாணத்துக்கு சாமான் பரப்புறப்ப பொண்ணு வீட்டு ஆச்சி முடைஞ்ச கொட்டானுன்னு பேரு சொல்லணும்னு முடைஞ்சோம்.

செக்காலை_கடைசிபெஞ்ச்

நேரம்னதும் ஞாபகம் வருது. எங்க தமிழய்யா ஒருத்தர், 1939ல சா. கணேசன் ஆரம்பிச்ச கம்பன் கழகத்து ஆளு மாதிரியே நேரம் பாப்பாரு, அங்க விழா சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தாதாம், குன்றக்குடி அடிகளார் நடுவரா உக்காந்து பட்டிமண்டபம் நடத்துன மேடைடான்னு சொல்லி சொல்லியே எங்களை விரட்டுவாரு. இலக்கிய மன்றத்துல ஆளுக்கு 3 நிமிஷம், மணி அடிச்சா பாதி வாக்கியத்துல நிறுத்தணும். நான் ஒரே ஒரு தடவை பேசுனேன், கும்பகர்ணன் வதைப் படலம், தம்பி கூப்புடுறப்ப அண்ணன் போக மாட்டேங்குற இடம் வந்துச்சு, மணி அடிச்சுட்டாரு. முடிக்காமலே எறங்குனேன். 14 வருஷம் ஆச்சு, இன்னும் அந்த வாக்கியம் தொண்டைல நிக்குது. அதுவரைக்கும் மேல சொன்ன போட்டோ கதை எல்லாம் உண்மை, இதுவும் உண்மை.

மாவுமில்_அம்மா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், கேட்டவங்களுக்கு நன்றி.

எங்க பஸ்ல மட்டும் 14 புள்ளைங்க, நாங்க 9 பேர் போனோம், என் மாமியாரும் வந்தாங்க, வேணாம்னு சொன்னவங்களே தான். ஹெச்எம் மேடம் மொதல்ல மத்தியானம் வச்சா புள்ளைங்க சாப்புடாம வரும், கை கழுவுற எடத்துல கூட்டமாகும்னாங்க. என் மாமியார் "தாயி, மாவு மில்லுல காலைல அரைக்கிறவளும் உண்டு சாயங்காலம் அரைக்கிறவளும் உண்டு, மில்லு தான் தொறந்து இருக்கணும்"னாங்க, மேடம் சிரிச்சுட்டாங்க. எல்லாத்தையும் மாத்த முடியாது, கைவினையும் ஜேஆர்சியும் மட்டும் வியாழக்கிழமை மத்தியானம், அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம்னு சொல்லிருக்காங்க. இலக்கிய மன்றம் சாயங்காலம் தான், தமிழய்யா ஒத்துக்கல, அதுல இவ பேரு இல்ல, அதுக்கு அழுதா. என்சிசி சேத்தாச்சு, பரேடு பெரியவரு சொன்ன மாதிரி சனிக்கிழமை தான், அன்னைக்கு காலைல நானே வண்டில கொண்டு போய் விடுறேன்.

போன வியாழன் ஒரு கொட்டான் முடிச்சு எடுத்துட்டு வந்தா. ஒரு மூலை எந்திரிக்கல, சாஞ்சு தான் நிக்கிது. மில்லுல சில்லறை போட வச்சிருக்கேன், தேவகோட்டை அண்ணனோட கப்பு ஞாபகம் வந்துச்சு.

தேவகோட்டை_ரஸ்தா

😄 சரி தாயி. எங்க பையன் ஸ்கூல்ல அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காங்க, கல்லு போட்டுக் காட்ட. கண்ணாடித் தட்டு எங்கிட்ட இருக்கு, அச்சு தான் கேக்கணும், யாருகிட்டயாவது பழைய பூப்போட்ட அச்சு சும்மா கெடந்தா ரெண்டு நாளைக்கு குடுங்க, பத்திரமா திருப்பித் தர்றேன்.

பட்டாசாலை_பேரன்

அண்ணே, எங்க வீட்டு கொட்டடில ஒன்னு பாத்த ஞாபகம். ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன், பையனையும் கூட்டிட்டு வாங்க, உள்ள வந்து தேடுவோம்.